அமெரிக்கப் பருத்தி மானியங்களின் வரலாறு

பருத்தி மானியம் என்பது, பருத்தி விளைவிப்போருக்கு அரசு தன் கருவூலத்திலிருந்து தரும் பணமாகும். விளைச்சலைக் குறைத்துக்கொள்வதற்காக அது தரப்படலாம். சந்தை விலைக்கும் அரசு உறுதியளித்த விலைக்கும் இடையிலான வேறுபாட்டை ஈடுகட்டவும் தரப்படலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வகை மானியம் 1933இல் தொடங்கிப் பல வடிவ மாற்றங்களுடன் இன்றுவரை தொடர்கிறது. உலக வணிக அமைப்பில் இதை எதிர்த்துப் பிரேசில் தொடுத்து வென்ற வழக்கு, வேளாண் மானியங்களைப் பற்றிய வழக்குகளில் மிகவும் அறியப்பட்டதாகும்.

இந்த மானியம் வறுமையில் வீழ்ந்த உழவரைக் காக்கவே தோன்றியது. ஆனால் தொடக்கம் முதலே அது உழைப்பவரின் பெயரில் அல்லாமல், நிலத்தின் அளவையும் விளைந்த பஞ்சின் எடையையும் வைத்தே வழங்கப்பட்டது. அதனால் நிலம் இல்லாதவர்களும், பின்னாளில் அந்த நாட்டின் குடிமக்களே அல்லாத ஏழை உழவர்களும் அதன் சுமையைத் தாங்க நேர்ந்தது. இந்த வரலாற்றின் மையச் சிக்கல் இதுவே.

பின்னணி: 1929–1933

1929ஆம் ஆண்டு விளைச்சலுக்கு அமெரிக்க உழவருக்குக் கிடைத்த விலை பவுண்டுக்கு ஏறத்தாழ 17 சென்ட். பெருமந்தம் தொடங்கியபின் 1931இல் அது 6 சென்ட்டுக்கும் கீழே போனது. பருத்தியை மட்டுமே நம்பியிருந்த தென் மாநிலங்களில் இந்த வீழ்ச்சி குத்தகைதாரர், வாரக்காரர், சிறு வணிகர், வங்கி என எல்லாரையும் ஒருசேரத் தாக்கியது.

குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர் காலத்தில், 1929ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டாட்சிப் பண்ணை வாரியம் ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. சந்தையிலிருந்து பருத்தியை வாங்கி இருப்பு வைத்து விலையைத் தாங்கிப்பிடிக்க அது முயன்றது. விளைச்சலைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. அது வாங்க வாங்க உழவர்கள் மேலும் விதைத்தனர். 1931 ஆகஸ்டில், நின்ற பயிரில் மூன்றில் ஒரு வரிசையை அழிக்கச் செய்யுமாறு தென் மாநில ஆளுநர்களை வாரியம் கேட்டுக்கொண்டது. அதற்குப் பணம் எதுவும் தருவதாக அது சொல்லவில்லை, ஆளுநர்களும் ஏற்கவில்லை. 1933 தொடக்கத்தில், ஏறத்தாழ ஓராண்டுத் தேவைக்கு இணையான அமெரிக்கப் பருத்தி விற்காமல் தேங்கியிருந்தது.

1933: உழுது அழிக்கப்பட்ட பயிர்

ஃபிராங்க்ளின் ரூசவெல்ட் பதவியேற்றபின், 1933 மே 12 அன்று வேளாண் சீரமைப்புச் சட்டம் நிறைவேறியது. விளைச்சலைக் குறைத்து விலையை உயர்த்துவதும், குறைத்துக்கொண்ட உழவருக்கு அரசு பணம் தருவதும் அதன் அடிப்படை. ஆனால் சட்டம் வந்தபோது பருத்தி விதைக்கப்பட்டு முளைத்திருந்தது. எனவே நின்ற பயிரையே உழுது அழிப்பது என முடிவாயிற்று.

ஏறத்தாழ 10 லட்சம் உழவர்கள் அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 1 கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட பருத்தி உழுது புதைக்கப்பட்டது. எதிர்பார்க்கப்பட்ட விளைச்சலைப் பொறுத்து ஏக்கருக்கு 7 டாலர் முதல் 20 டாலர் வரை தரப்பட்டது. இதற்கான பணம், பஞ்சைப் பயன்படுத்தும் ஆலைகள் மீது பவுண்டுக்கு 4.2 சென்ட் வீதம் விதிக்கப்பட்ட வரியிலிருந்து திரட்டப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சரக்குக் கடன் கழகம் நிறுவப்பட்டு, பருத்தியை ஈடாகப் பெற்றுக்கொண்டு பவுண்டுக்கு 10 சென்ட் கடன் வழங்கத் தொடங்கியது. சந்தை விலை அதற்குக் கீழே இருந்தால் உழவர் கடனைத் திருப்பிக் கட்டாமல் பருத்தியை அரசிடமே விட்டுவிடலாம். இந்தக் கடன் முறை பிற்கால மானியங்களுக்கெல்லாம் அடித்தளமாயிற்று.

விலை உயர்ந்தது. ஆனாலும் 1933ஆம் ஆண்டு விளைச்சல் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் பொதிகளாக, முந்தைய ஆண்டின் அளவிலேயே இருந்தது. நல்ல மழையும், எஞ்சிய நிலத்தில் உழவர்கள் காட்டிய கூடுதல் கவனமும் பரப்புக் குறைவை ஈடுகட்டிவிட்டன. ஆகவே 1934இல் பேங்க்ஹெட் சட்டம் வழியாக ஒவ்வொருவரும் விற்கக்கூடிய அளவுக்கே வரம்பு கட்டப்பட்டது. வரம்பை மீறியதற்கு ஜின்னிங் ஆலையில் கடும் வரி விதிக்கப்பட்டது.

பணம் யாருக்குப் போனது?

அன்றைய தென் மாநிலங்களில் பருத்தியை விளைவித்தவர்களில் பெரும்பகுதியினர் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் அல்லர். கலப்பை, கோவேறு கழுதை, விதை, உணவு எல்லாவற்றையும் நில உடைமையாளரிடம் பெற்று, விளைச்சலில் பாதியை அவருக்குக் கொடுத்த வாரக்காரர்கள் ஏராளம். இவர்களில் கறுப்பினத்தவரும் ஏழை வெள்ளையரும் இருந்தனர்.

அரசின் ஒப்பந்தம் நில உடைமையாளரோடுதான் செய்யப்பட்டது. காசோலையும் அவர் பெயருக்கே வந்தது. வாரக்காரரின் பங்கை அவர் பிரித்துத் தர வேண்டும் என்பது விதி. பலர் அதைப் பழைய கடனில் கழித்துக்கொண்டனர். சிலர் தரவே இல்லை. 1934, 1935 ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தில், நிலத்தைத் தரிசாக விட்டதற்கான தொகையில் பெரும்பகுதி உடைமையாளருக்கே உரியது என வகுக்கப்பட்டது. பரப்பு குறைந்தபோது ஆள் தேவையும் குறைந்தது. வாரக்காரரை வெளியேற்றிவிட்டு, தேவைப்படும் நாளில் கூலிக்கு அழைத்துக்கொள்வது உடைமையாளருக்கு இலாபமாயிற்று. கூலியாளுக்கு மானியத்தில் பங்கு தர வேண்டியதில்லை.

இதை எதிர்த்து 1934 ஜூலையில் ஆர்கன்சா மாநிலத்தின் டைரோன்சா என்ற ஊரில் தென்பகுதிக் குத்தகை உழவர் சங்கம் தோன்றியது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே சங்கத்தில் சேர்ந்தது அன்றைய தெற்கில் அரிய நிகழ்வு. உறுப்பினர்கள் தாக்குதலுக்கும் வெளியேற்றத்துக்கும் ஆளாயினர். வாஷிங்டனில், வேளாண் சீரமைப்பு நிர்வாகத்தின் சட்டப் பிரிவுத் தலைவர் ஜெரோம் ஃபிராங்கும் அவருடன் பணியாற்றிய சிலரும், அதே குத்தகைதாரர்களை அதே நிலத்தில் வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்துக்கு விளக்கம் தர முற்பட்டனர். 1935 பிப்ரவரியில் அவர்கள் பதவியிலிருந்து நீக்கப்பட்டனர். வேளாண் செயலர் ஹென்றி வாலஸ் அதற்கு இசைந்தார். தென் மாநில உறுப்பினர்களின் ஆதரவின்றி நாடாளுமன்றத்தில் எதையும் நிறைவேற்ற முடியாது என்பதே அன்றைய அரசியல் நிலை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1930இல் தெற்கில் ஏறத்தாழ 7,76,000 வாரக்காரர்கள் இருந்தனர். 1940இல் ஏறத்தாழ 5,41,000 பேரே இருந்தனர். இதற்கு மானியம் மட்டுமே காரணம் அன்று. டிராக்டரின் வருகையும் நகரங்களை நோக்கிய இடப்பெயர்வும் பங்காற்றின. ஆனால் டிராக்டர் வாங்கும் பணமும், ஆளைக் குறைக்கும் தூண்டுதலும் மானியத்திலிருந்தே பெருமளவு வந்தன.

கட்டுப்பாட்டிலிருந்து ஈட்டுத்தொகைக்கு

1936 ஜனவரி 6 அன்று, ஆலைகள் மீதான வரியையும் அதை வைத்து இயங்கிய திட்டத்தையும் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. வழக்கு மாசச்சூசெட்ஸைச் சேர்ந்த ஒரு பருத்தி ஆலை நிறுவனத்திலிருந்து எழுந்தது. அரசு உடனே, மண்வளப் பாதுகாப்புக்கான தொகை என்ற பெயரில் பொது நிதியிலிருந்து பணம் தரத் தொடங்கியது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு பண்ணைக்கும் பருத்திப் பரப்பு ஒதுக்கீட்டை நிலைப்படுத்தியது. விளைவிப்போரில் மூன்றில் இரு பங்கினர் வாக்களித்து ஏற்றால், விற்பனை வரம்பு எல்லாரையும் கட்டுப்படுத்தும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு முரண் இருந்தது. அரசின் கடன் தொகை உள்நாட்டு விலையை உலக விலைக்கு மேலே நிறுத்தியது. அமெரிக்கப் பருத்தி வெளிநாட்டில் விலைபோகவில்லை. பிற நாடுகள் தங்கள் சாகுபடியை விரிவாக்கின. அரசுக் கிடங்குகளில் பொதிகள் குவிந்தன. ஏற்றுமதி மானியம் தந்து மலிவாக வெளியே விற்றபோது, உள்நாட்டு ஆலைகள் வெளிநாட்டுப் போட்டியாளரைவிட அதிக விலைக்கு அமெரிக்கப் பஞ்சை வாங்க வேண்டியதாயிற்று. 1964இல் இந்த ஆலைகளுக்கும் ஈட்டுத்தொகை தரப்பட்டது.

1965ஆம் ஆண்டுச் சட்டம் திசையை மாற்றியது. கடன் தொகையை உலக விலைக்குக் கீழே இறக்கி, உழவரின் வருமானக் குறைவை நேரடிப் பணமாக ஈடுகட்டியது. அதுவரை விலை உயர்வின் சுமை பஞ்சு வாங்குவோர் மீது விழுந்தது. இனி வரி செலுத்துவோர் மீது விழுந்தது. உலகச் சந்தையைப் பொறுத்தவரை இதன் விளைவு பெரிது. விலை எவ்வளவு விழுந்தாலும் அமெரிக்கப் பருத்தி அந்த விலைக்கே விற்கப்படும். அமெரிக்க உழவருக்கு அதனால் இழப்பு குறைவு.

பெரும் பண்ணைகளுக்குப் பெருந்தொகை செல்வது நாடாளுமன்றத்தில் கண்டனத்துக்கு உள்ளாகி, 1970இல் ஒருவருக்கு ஒரு பயிருக்கு 55,000 டாலர் என வரம்பு வந்தது. பண்ணைகள் மனைவி, மக்கள், கூட்டாளிகள், நிறுவனங்கள் பெயரில் தாளில் பிரிக்கப்பட்டன. கிளைக்குக் கிளை பணம் தொங்கிய இந்த ஏற்பாட்டுக்கு ‘மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்’ என்ற பட்டப்பெயரே உருவாயிற்று.

2002ஆம் ஆண்டுச் சட்டம் இயங்கிய விதம்

1985, 1990, 1996 ஆண்டுகளின் சட்டங்கள் மேலும் மாற்றங்களைக் கொண்டுவந்தன. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் மானியம் மூன்று அடுக்குகளாக அமைந்தது. ஓர் எளிய கணக்கால் அதை விளக்கலாம். சட்டம் வகுத்த இலக்கு விலை பவுண்டுக்கு 72.4 சென்ட். சந்தை விலை 40 சென்ட் எனக் கொள்வோம்.

முதலாவது, கடன் விலை 52 சென்ட். சந்தை விலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடான 12 சென்ட்டை அரசு தரும். இரண்டாவது, நேரடித் தொகை 6.67 சென்ட்; விலை எப்படியிருந்தாலும் இது உண்டு. மூன்றாவது, எஞ்சிய பள்ளத்தை நிரப்பும் எதிர்ச்சுழற்சித் தொகை 13.73 சென்ட். சந்தையில் கிடைத்த 40 சென்ட்டோடு மூன்றையும் கூட்டினால் 72.4 சென்ட் வரும். பின் இரண்டு தொகைகளும் பண்ணையின் முந்தைய கால சாகுபடிப் பரப்பில் 85 விழுக்காட்டுக்கே கணக்கிடப்பட்டன என்பதால், உண்மைத் தொகை சற்றுக் குறைவாக இருக்கும்.

இவற்றுடன், விலை அதிகமான அமெரிக்கப் பஞ்சை வாங்கும் உள்நாட்டு ஆலைகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் தரப்பட்ட ‘இரண்டாம் படி’த் தொகையும், ஏற்றுமதிக் கடன் உறுதியும் இருந்தன. 2000களின் தொடக்கத்தில் உலகப் பருத்தி ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமெரிக்காவுடையதாயிற்று.

மேற்கு ஆப்பிரிக்காவின் நிலை

2001–02 பருவத்தில் உலக விலை சராசரியாகப் பவுண்டுக்கு 42 சென்ட் அளவுக்கு விழுந்தது. பெனின், புர்கினா ஃபாசோ, சாடு, மாலி ஆகிய நான்கு நாடுகளில் பருத்தி முதன்மையான ஏற்றுமதிப் பயிர். அங்கு சில எக்டர் நிலத்தில் குடும்பமாக உழைத்து, கையால் பறித்து விளைவிக்கிறார்கள். உற்பத்திச் செலவு அமெரிக்காவைவிடக் குறைவு. ஆனால் விலை விழும்போது இடையில் நின்று ஈடுசெய்யும் கருவூலம் அவர்களுக்கு இல்லை.

ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2002இல் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 25,000 அமெரிக்கப் பருத்தி உழவர்களுக்கு ஓராண்டில் 390 கோடி டாலர் மானியம் சென்றதாகவும், அது புர்கினா ஃபாசோவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியைவிட அதிகம் என்றும் கணக்கிட்டது. அந்த நாட்டில் பருத்தியை நம்பி வாழ்ந்தோர் ஏறத்தாழ 20 லட்சம் பேர்.

2003 ஜூன் 10 அன்று புர்கினா ஃபாசோவின் குடியரசுத் தலைவர் பிளேஸ் கம்பாவோரே ஜெனீவா சென்று உலக வணிக அமைப்பில் நேரடியாகப் பேசினார். நான்கு நாடுகளும் நன்கொடை கேட்கவில்லை; மானியத்தைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும், ஒழியும்வரை இழப்பீடு தர வேண்டும் என்று கேட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் மெக்சிகோவின் கான்கூனில் கூடிய அமைச்சர்கள் மாநாட்டில் இக்கோரிக்கைக்கு உரிய விடை கிடைக்கவில்லை. மாநாடும் உடன்பாடின்றிக் கலைந்தது. 2005ஆம் ஆண்டு ஹாங்காங் மாநாட்டு அறிக்கை, பிற வேளாண் மானியங்களைவிடப் பருத்தி மானியம் விரைவாகவும் கூடுதலாகவும் குறைக்கப்பட வேண்டும் என்றது. உள்நாட்டு மானியத்தைப் பொறுத்தவரை அந்த வாக்கு நிறைவேறவில்லை.

பிரேசில் தொடுத்த வழக்கு

2002 செப்டம்பர் 27 அன்று பிரேசில் உலக வணிக அமைப்பில் முறையீட்டைத் தொடங்கியது. பிரேசில் வேளாண் அமைச்சகத்தில் பணியாற்றிய பெட்ரோ டி கமார்கோ நெட்டோ இவ்வழக்கை முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர். 1999 முதல் 2003 வரையிலான நான்கு பருவங்களில் விளைந்த அமெரிக்கப் பருத்தியின் மதிப்பு 1,394 கோடி டாலர். அதற்குத் தரப்பட்ட மானியம் 1,247 கோடி டாலர் என்று பிரேசில் வாதிட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகப் பொருளியலாளர் டேனியல் சம்னர் பிரேசிலுக்காகக் கணக்கிட்டுக் கொடுத்தார். மானியம் இல்லாதிருந்தால் உலக விலை 12.6 விழுக்காடு உயர்ந்திருக்கும் என்பது அவருடைய முடிவு. ஓர் அமெரிக்கர் தம் நாட்டுக்கு எதிராகச் சான்றளித்தார் எனப் பருத்தித் துறையினர் அவரைக் கடுமையாகச் சாடினர்.

1994ஆம் ஆண்டு வேளாண் உடன்படிக்கையில் ‘சமாதான விதி’ ஒன்று இருந்தது. 1992இல் முடிவான அளவைத் தாண்டாத மானியத்தை எதிர்த்து வழக்காட இயலாது என்பது அதன் சாரம். அமெரிக்கா அந்த அளவைத் தாண்டிவிட்டது என்று விசாரணைக் குழு கண்டது. 2004 செப்டம்பர் 8 அன்று வெளியான குழுவின் அறிக்கையையும், 2005 மார்ச் 3 அன்று வெளியான மேல்முறையீட்டுத் தீர்ப்பையும் மூன்று வரிகளில் சுருக்கலாம்: ‘இரண்டாம் படி’த் தொகை தடைசெய்யப்பட்ட மானியம், ஏற்றுமதிக் கடன் உறுதி விதிக்கு முரணானது, விலையோடு பிணைந்த மானியங்கள் உலக விலையைக் குறிப்பிடத்தக்க அளவு அமுக்கிவைத்தன. விலையோடு பிணையாத நேரடித் தொகையால் அத்தகைய தீங்கு நேர்ந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை.

பெனினும் சாடும் இவ்வழக்கில் மூன்றாம் தரப்பினராகச் சேர்ந்தன. இந்தியாவும் மூன்றாம் தரப்பாக இருந்தது. ஆனால் மூன்றாம் தரப்பு தன் கருத்தைச் சொல்லலாம். தீர்ப்பின் பயனைக் கேட்டுப்பெற முடியாது.

உடன்பாடும் அதன் பொருளும்

2006 ஆகஸ்டில் ‘இரண்டாம் படி’த் தொகை நிறுத்தப்பட்டது. மற்றவை பெரிதும் தொடர்ந்தன. 2009 ஆகஸ்ட் 31 அன்று நடுவர்கள், பிரேசில் ஆண்டுதோறும் பதில் நடவடிக்கை எடுக்கலாம் என்று அனுமதித்தனர். குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் சரக்குகளுடன் நில்லாமல், காப்புரிமை போன்ற அறிவுசார் உரிமைகளையும் நிறுத்திவைக்கலாம் என்றனர். 2010 மார்ச்சில் 102 அமெரிக்கப் பொருள்களின் பட்டியலை வெளியிட்டு, அவற்றின் மீது இறக்குமதி வரியை உயர்த்தப்போவதாகப் பிரேசில் அறிவித்தது. மருந்து நிறுவனங்களும் திரைப்படத் துறையினரும் கலங்கினர்.

இதன்பின் அமெரிக்கா பேச வந்தது. 2010இல் எட்டிய உடன்பாட்டின்படி, பிரேசில் உழவருக்கான தொழில்நுட்ப உதவி நிதியாக ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இதற்காகப் பிரேசிலில் பருத்தி நிறுவனம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தன் உழவருக்கு மானியம் தருவதை நிறுத்தாமல் இருப்பதற்காக, இன்னொரு நாட்டின் உழவருக்கும் அமெரிக்கக் கருவூலம் பணம் தந்தது. 2013 அக்டோபரில் அது நின்றது. 2014 அக்டோபர் 1 அன்று, மேலும் 30 கோடி டாலர் பெற்றுக்கொண்டு பிரேசில் வழக்கை முடித்துக்கொண்டது.

நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் இந்த உடன்பாட்டில் தரப்பினர் அல்லர். அந்த நிதியில் ஒரு பகுதியை ஆப்பிரிக்க ஒத்துழைப்புத் திட்டங்களுக்குச் செலவிட இடமிருந்தது. இழப்பீடாக எதுவும் இல்லை. அவை வென்றிருந்தாலும் பயன் குறைவாகவே இருந்திருக்கும். தோற்ற நாட்டின் பொருள்களுக்கு வரி உயர்த்துவதே அந்த அமைப்பில் வென்றவருக்குக் கிடைக்கும் ஆயுதம். அமெரிக்காவிடம் சிறிதளவே வாங்கும் மாலியோ பெனினோ அந்த ஆயுதத்தை ஏந்தினால் வாஷிங்டனில் யாருக்கும் வலிக்காது. சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. அதைச் செயல்படுத்தும் வலிமை பெரிய சந்தை உள்ளவரிடம் மட்டும் இருந்தது.

பிற நாடுகளின் மானியங்கள்

பருத்திக்கு மானியம் தரும் நாடு அமெரிக்கா மட்டுமன்று. கிரேக்கம், ஸ்பெயின் ஆகியவற்றின் பருத்திக்கு ஐரோப்பிய ஒன்றியம் தருகிறது. சீனா 2014 முதல் சின்சியாங் பகுதியில் இலக்கு விலைத் திட்டத்தை நடத்துகிறது.

இந்தியாவில் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்பட்டு, சந்தை விலை அதற்குக் கீழே போனால், 1970இல் நிறுவப்பட்ட இந்தியப் பருத்திக் கழகம் கொள்முதல் செய்கிறது. 2018 நவம்பரில், இந்தியாவின் ஆதரவு விலை அனுமதித்த அளவை மீறுகிறது என்று அமெரிக்கா உலக வணிக அமைப்பில் குற்றம்சாட்டியது. 2025 ஆகஸ்டில் இந்தியா பருத்தி மீதான 11 விழுக்காடு இறக்குமதி வரியை அவ்வாண்டு இறுதிவரை விலக்கியபோது, தமிழக நூற்பாலைகள் வரவேற்றன; உள்நாட்டு விலை இறங்கும் என்று உழவர் அமைப்புகள் எதிர்த்தன.

2014க்குப் பின்

2014ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் வழக்கின் விளைவாகப் பஞ்சை விலை ஈட்டுத் திட்டங்களிலிருந்து நீக்கி, காப்பீட்டுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வழக்கு முடிந்து நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள், 2018 பிப்ரவரியில், ‘விதை நீக்காத பருத்தி’ என்ற புதிய பெயரில் அதே பயிர் திட்டத்துக்குள் திரும்பியது. ஆதார விலை பவுண்டுக்கு 36.7 சென்ட் எனக் குறிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் அதை 42 சென்ட்டாக உயர்த்தியது. பிரேசிலோ இடைக்காலத்தில் சாகுபடியை விரிவாக்கி, 2023–24 பருவத்தில் அமெரிக்காவை முந்தி உலகின் முதல் பருத்தி ஏற்றுமதியாளராயிற்று.

அமெரிக்க உழவரின் நிலையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கருவிக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனில் நடக்கும் பண்ணைகளில் பல, மானியம் நின்றால் அடுத்த பருவம் விதைக்க இயலாது. 1933இல் அரசைச் செயல்பட வைத்த அச்சம் இன்றும் பொய்யன்று. ஆனால் டைரோன்சாவின் வாரக்காரர் கேட்டதும், எழுபது ஆண்டுகள் கழித்துப் புர்கினா ஃபாசோ கேட்டதும் ஏறத்தாழ ஒன்றே: இந்தப் பணத்தால் எங்களுக்கு நேரும் இழப்பை யார் ஈடுகட்டுவது? இரண்டு முறையும் கேள்வி செவிமடுக்கப்பட்டது. பணம் நிலத்தின் கணக்குக்கே போனது.